ஒரு கையால் கழல வேண்டும்

மீஞ்சூரைத் தாண்டிக் காட்டுப்பள்ளிக்குப் போகிற சாலையில் கண்டெய்னர் லாரிகள் வைத்ததுதான் சட்டம். எண்ணூரில் காமராஜர் துறைமுகம் 2001-இல் வந்தது. 2013-இல் காட்டுப்பள்ளித் துறைமுகமும் சேர்ந்துகொண்டது. இரண்டுக்கும் போகிற டிரெய்லர்கள் ஓரத்தில் வரிசை கட்டி நிற்கும். எதிரே இன்னொரு வரிசை வரும். நடுவில் மிச்சமிருக்கிற சந்தில்தான் பைக் போக வேண்டும். அத்திப்பட்டில் வேலை பார்த்த காலத்தில் தினமும் அந்தச் சந்து வழியாகத்தான் போய் வந்தேன். பின்னால் இரண்டு பக்கமும் அகலப் பெட்டி மாட்டிய பெரிய பைக்குகள் சென்னையிலிருந்து பழவேற்காட்டைப் பார்க்க வரும். டிரெய்லரின் டயர் உயரத்துக்கு முன்னால் தயங்கித் தயங்கி நிற்கும். மீன் பெட்டி ஏற்றிய டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டிகளோ அவற்றின் பக்கத்திலேயே நிதானமாக நுழைந்து போய்விடும். அந்த வண்டியில் இருந்த சுமை பெரிய பைக்கின் சுமையைவிடக் கூடுதல்.

நெடும்பயணத்துக்குப் பைக்கில் என்ன பை மாட்டுவது என்று இன்று யார் கேட்டாலும் நான் சொல்கிற பதில் பெரும்பாலும் அந்த மீன் வண்டிகளைப் பார்த்துக் கற்றதுதான். இணையத்தில் படித்ததும் கடைகளில் கேட்டதும் பிறகு வந்தவை.

அந்தப் பக்கத்தைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு பக்கம் வங்கக் கடல், மறு பக்கம் பக்கிங்ஹாம் கால்வாயும் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகமும், வடக்கே பழவேற்காடு ஏரி. நடுவில் நீளமான மணல் திட்டு. அதில்தான் காட்டுப்பள்ளி, காளாஞ்சி, கருங்காலி, கோரைகுப்பம் என்று குப்பங்கள். சென்னைக்குக் கடல்நீரைக் குடிநீராக்கித் தருகிற ஆலை, நாளுக்கு 10 கோடி லிட்டர் கொள்ளளவு கொண்டது, 2010-இல் இங்கேதான் திறக்கப்பட்டது. கப்பல் கட்டும் தளத்துக்காகக் காட்டுப்பள்ளிக் குப்பமே தன் பழைய இடத்தைவிட்டுப் பெயர வேண்டியிருந்தது. துறைமுகத்தை இன்னும் பெரிதாக்கும் திட்டம் ஒன்றை இந்தக் கரை ஊர்கள் பல வருடமாக எதிர்த்து நிற்கின்றன. அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்று நினைக்கிறவன் நான். ஏரியில் எந்த ஊர் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடலாம் என்பதைப் பாடு என்கிற முறைப்படி தங்களுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகத் தீர்த்துக்கொண்டு வந்தவர்கள் இந்த ஜனங்கள். பிடித்த மீனைக் கரையிலிருந்து ஊருக்குள் கொண்டுபோகிற வேலையிலும் அந்த ஒழுங்கு தெரியும்.

டிவிஎஸ் 50 வந்தது 1980-இல். இரண்டு பேர் உட்காரக்கூடிய மொபெட் இந்தியாவில் அதுதான் முதல். அதன் வழியில் வந்த எக்ஸ்எல் 100 என்கிற ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி 2015-இல் வந்தது. வண்டியின் எடை தொண்ணூறு கிலோவைத் தாண்டாது. 130 கிலோ சுமை தாங்கும் என்று கம்பெனியே சொல்கிறது. தன் எடையைவிட அதிகம் சுமக்கிற வண்டி. அதன் பின்சீட்டைக் கழற்றிவிடலாம், அப்படியே செய்திருக்கிறார்கள். சீட்டுக்கு முன்னால் கால் வைக்கிற இடம் தட்டையாக, காலியாக இருக்கும். இந்த இரண்டும்தான் வியாபாரிக்குத் தேவை. லட்சக்கணக்கில் விலை போகிற சாகசப் பைக்குகளில் இந்த இரண்டு வசதியும் கிடைக்காது.

கரையில் ஏலம் எடுத்து மீஞ்சூர், பொன்னேரி தெருக்களில் விற்கிற ஒரு அண்ணன் எனக்குப் பழக்கம். காலையில் படகு கரை ஏறியதும் ஏலம் முடியும். அவர் வண்டி கட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பேன். முதலில் பின்சீட்டைக் கழற்றிக் குடிசை ஓரம் வைத்துவிடுவார். கேரியர்மேல் ஒரு பலகை. பலகைமேல் நாலாக மடித்து நனைத்த சாக்கு. காய்ந்த சாக்கு வழுக்கும், நனைந்தது பிடித்துக்கொள்ளும். அதன்மேல் ஐஸ் பெட்டி: மடவை, கெளுத்தி, அன்றைக்குக் கிடைத்த இதர மீன். கனமானது அதுதான், அதனால் பெட்டி எவ்வளவு முன்னால் வருமோ அவ்வளவு முன்னால், அவர் முதுகில் இடிக்கிற அளவுக்கு நெருக்கி வைப்பார். இறாலுக்குச் சின்னப் பெட்டி, அது காலுக்கு நடுவே தட்டில். காலில் நூல் கட்டிய நண்டுகள் ஒரு கூடையில், ஈரத்துணி போர்த்தி, எல்லாவற்றுக்கும் மேலே. தராசும் அரிவாள்மனையும் சாக்கில் சுற்றி ஹேண்டிலில் தொங்கும் பையில்.

கட்டுவதற்குக் கயிறு கிடையாது. பழைய டயர் டியூபை நீளவாக்கில் பட்டையாக வெட்டி, இரண்டு முனையிலும் வளைத்த கம்பிக் கொக்கி போட்டு வைத்திருப்பார். ஒரு பட்டை நீளவாக்கில், இரண்டு பட்டை குறுக்கே. இழுத்து மாட்டினால் முடிந்தது. முடிச்சே இல்லை. ஏன் கயிற்றில் கட்டக் கூடாது என்று கேட்டேன்.

“கட்டுறது பெரிசில்ல தம்பி, அவுக்கும்போதுதான் தெரியும். ஒரு கையில மீனு, ஒரு கையில தராசு. வாசல்ல நிக்கிற அக்கா எந்தப் பெட்டியைக் கேக்குதோ அதை இந்த ஒரு கைதான் எறக்கணும்.”

இந்தப் பேச்சைக் கேட்ட பிறகு நான் எந்தப் பையைப் பார்த்தாலும் முதலில் அது எப்படிக் கழலும் என்றுதான் பார்க்கிறேன்.

பெட்டியின் அடியோரத்தில் ஒரு ஓட்டை இருக்கும், துணி அடைத்து. போகிற வழியில் இரண்டு மூன்று இடத்தில் நிறுத்தி அந்தத் துணியைப் பிடுங்கி ஐஸ் கரைந்த தண்ணீரை வடித்துவிடுவார். மீன் கெடாமலிருக்க என்றுதான் நினைத்திருந்தேன். அதுவும் உண்டு. ஆனால் அவர் சொன்ன காரணம் வேறு: “உள்ள தண்ணி ஆடிச்சின்னா வளைவுல வண்டி நம்ம பேச்சைக் கேக்காது.” சுமை எவ்வளவு என்பதைவிட அது ஆடுகிறதா என்பது பெரிய விஷயம். வண்டியை வளைவில் சாய்க்கும்போது தண்ணீர் தன் பங்குக்கு ஒரு பக்கம் ஓடும், நிமிர்த்தும்போது மறு பக்கம் ஓடும். பயணத்துக்கு ஐந்து லிட்டர் கேனைப் பாதி நிரப்பித் தொங்கவிடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நிரப்பினால் கழுத்துவரை நிரப்புங்கள், இல்லையென்றால் சின்ன பாட்டில்களாகப் பிரித்துப் பையின் அடியில் இறுக்கி வையுங்கள்.

மாலையில் அதே வண்டியைப் பார்த்தால் அடையாளம் தெரியாது. பெட்டி கழுவிக் கவிழ்த்துத் திண்ணையில் காயும். பின்சீட் மறுபடி ஏறியிருக்கும். மகளை டியூஷனுக்குக் கூட்டிப்போவார். மீன் வாடைகூட அவ்வளவாக இருக்காது.

இந்தப் பழக்கம் மொபெட்டோடு வந்ததல்ல. கட்டுமரம் இருந்த நாளில் கரை ஏறியதும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாக மணலில் கிடத்திக் காயவைப்பார்கள். ஊறிய மரம் கனக்கும். காய்ந்தால்தான் மறுநாள் மிதக்கும். விடியலுக்கு முன் இருட்டிலேயே திரும்பக் கட்டுவார்கள். அலையில் பிரியாத கட்டு, ஆனால் கரையில் சட்டென்று அவிழ்கிற கட்டு. 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் நிறைந்துவிட்டன, கட்டுமரங்கள் அருகிவிட்டன. இருட்டில் தடவியே கட்டி அவிழ்த்த கைகள் வயதான ஆட்களிடம் இன்னும் இருக்கின்றன. ஒரு பெரியவர் என் பையின் பக்கிளைக் கண்ணால் பார்க்காமல் விரலாலேயே தடவிப் பார்த்துவிட்டு, “இது மழையில அவுறாது தம்பி” என்றார். சரியாகத்தான் சொன்னார். அந்த மழைக்காலத்திலேயே அது உப்பும் மணலும் ஏறி இறுகிப்போனது.

நான் அப்போது வைத்திருந்தது புல்லட். அந்தச் சாலைக்கும் புல்லட்டுக்கும் உறவு உண்டு. ராயல் என்ஃபீல்டு 1950-களில் இந்தியாவில் கால் ஊன்றியது கொஞ்சம் தெற்கே, திருவொற்றியூரில். புல்லட்டில் பயணம் போக முதலில் எல்லோரும் சொன்னது டாப் பாக்ஸ், அதாவது பின்னால் மேலே மாட்டுகிற பெட்டி. பார்வைக்கு நன்றாக இருக்கும், பூட்டலாம், ஹெல்மெட் வைக்கலாம். உலகத்துக்கு இதைப் பழக்கியதில் இத்தாலியின் கிவி நிறுவனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பைக் பந்தய வீரராக இருந்த ஜுசெப்பே விசென்சி 1978-இல் தொடங்கியது. ஒரு பொத்தானை அழுத்தினால் பெட்டி கையோடு வந்துவிடும், அருமையான ஏற்பாடு. ஆனால் அவர்களுடைய பெரிய பெட்டிகளுக்குக்கூட 10 கிலோதான் வரம்பு. நம் ஊரில் அதற்குள் இருபது கிலோவை அடைத்துவிட்டு, எண்பதில் போகும்போது ஹேண்டில் நடுங்குகிறது என்று மெக்கானிக்கிடம் போவார்கள்.

காரணம் எளிது. பின் சக்கரத்தின் அச்சுக்குப் பின்னால் வைக்கிற கனம் முன் சக்கரத்தைத் தூக்கப் பார்க்கும். உயரத்தில் வைத்தால் இன்னும் மோசம். மீன்கார அண்ணன் கனமான பெட்டியை முதுகோடு நெருக்கியதும், இறாலைக் காலுக்கு நடுவே வைத்ததும் இதனால்தான். இரண்டு சக்கரத்துக்கும் நடுவில், முடிந்த அளவு தாழ்வாக. மேலே வைப்பது நண்டு மாதிரி இலேசானதும், அடிக்கடி எடுக்க வேண்டியதும்தான். பயணக்காரனுக்கு அது மழைக்கோட்டு.

ஆகவே பக்கப் பைகள். இவற்றில் கெட்டிப் பெட்டி, துணிப் பை என்று இரண்டு கட்சி உண்டு. நான் துணிப் பை கட்சி. அந்த முடிவுக்கு வந்த இடம் கருங்காலிப் பக்கம்.

புயல் மழை அடித்து ஓய்ந்திருந்த நாள். காட்டுப்பள்ளியிலிருந்து பழவேற்காட்டுக்குப் போகிற கரையோரச் சாலையில் கடல் மணலைக் கொண்டுவந்து கொட்டியிருந்தது. எனக்கு முன்னால் ஒரு இளைஞர், பெரிய பைக், இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டி. மணலில் முன் சக்கரம் புதைந்தது. வண்டி இடது பக்கம் மெல்லச் சாய்ந்தது. வேகமே இல்லை. ஆனால் ஊன்றிய கால் பெட்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டது. வண்டி மட்டுமே இருநூறு கிலோ இருக்கும், அதன்மேல் பெட்டியும் பெட்டிக்குள் இருப்பதும். வலை காயவைத்துக்கொண்டிருந்தவர்கள் ஓடி வந்தார்கள். வந்தவர்களில் ஒருவர் வண்டியைத் தொடவே இல்லை. முதலில் பெட்டியைக் கழற்றப் பார்த்தார். சுமை ஏற்றிய வண்டி விழுந்தால் முதலில் சுமையை இறக்கு, பிறகு வண்டியைத் தூக்கு என்பது அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டாத பாடம். பெட்டி கழலவில்லை. நாலு போல்ட் போட்டு ஃபிரேமோடு முறுக்கியிருந்தது. ஸ்பேனர் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருந்தது, பெட்டியின் மூடி மணலுக்கு அடியில். கடைசியில் எல்லோருமாகச் சேர்ந்து மொத்தமாகத் தூக்கினோம். கணுக்கால் வீங்கியதோடு போயிற்று, எலும்பு தப்பியது.

துணிப் பையாக இருந்திருந்தால் காலுக்கு மேல் நசுங்கிக் கொடுத்திருக்கும். கெட்டிப் பெட்டிக்கு நல்ல குணங்கள் உண்டு: பூட்டு, மழை புகாமை, கேமரா மாதிரிப் பொருளுக்குப் பாதுகாப்பு. நல்ல தார்ச் சாலையில் மட்டும் போகிறவர்கள் அதை வாங்கட்டும். மணலும் சேறும் லாரிச் சந்தும் உள்ள நம் கரையோரச் சாலைகளுக்கு, ஹேண்டிலின் அகலத்தைத் தாண்டாத துணிப் பைதான் சரி. ஹேண்டில் நுழைகிற இடத்தில் பையும் நுழைய வேண்டும். அது நுழையாத வண்டியை எடுத்துக்கொண்டு மீஞ்சூர்ச் சாலைக்கு வரக் கூடாது.

துணிப் பைக்குத் தாங்கி வேண்டும். மோட்டார் வாகன விதிகளின்படி நம் நாட்டில் பைக்குகளுக்குப் பின் சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் தடுப்பு கட்டாயம். நாம் சேலைத் தடுப்பு, சாரி கார்டு என்கிறோம். இடது பக்கப் பை சக்கரத்துக்குள் போகாமல் அது காப்பாற்றும். வலது பக்கம்தான் ஆபத்து. பெரும்பாலான வண்டிகளில் சைலன்சர் அங்கேதான். பையின் அடி அதைத் தொட்டால் நைலான் உருகிவிடும். மீஞ்சூரில் ஒரு வெல்டிங் பட்டறையில் எனக்குக் கம்பி வளைத்துத் தாங்கி செய்துகொடுத்தார்கள். அந்தப் பட்டறைக்காரர் கேட்ட முதல் கேள்வி, “கடக்கரைப் பக்கம் போற வண்டியா?” என்பது. ஆமாம் என்றதும் சாதாரணக் கம்பியைத் தள்ளி வைத்துவிட்டுத் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப்பை எடுத்தார். வெல்டிங் வைத்த இடத்தில் அந்தப் பூச்சு எரிந்துபோகும், துரு அங்கேதான் தொடங்கும் என்று சொல்லி, ஒவ்வொரு ஒட்டுக்கும் மேல் இரண்டு கோட் பெயிண்ட் அடித்தார். போல்ட் எல்லாம் ஸ்டெயின்லெஸ், திருகுவதற்கு முன் கிரீஸ். பல வருடம் ஆன பிறகும் அந்தத் தாங்கியில் ஸ்பேனர் போட்டால் போல்ட் திரும்புகிறது.

உப்புக் காற்று பையையும் விடாது. முதலில் போவது ஜிப். பல்லுக்குள் உப்பும் மணலும் உட்கார்ந்தால் இழுக்க முடியாது, இழுத்தால் பிய்யும். அதனால் வாயைச் சுருட்டி மூடுகிற பைகளையே தேர்ந்தெடுக்கிறேன்; அதில் கெட்டுப்போக அசையும் உறுப்பு குறைவு, மழையும் புகாது. சாவிப் பூட்டுகள் அடுத்தது. கோடியக்கரைக்குக் கரை வழியாகப் போனபோது என் நண்பரின் பெட்டி நாகப்பட்டினத்து லாட்ஜ் வாசலில் கழல மறுத்தது. மரக்காணம் தொட்டு வந்த மழையும் உப்பும் பூட்டுக்குள் இறங்கியிருந்தன. இரவில் மாற்றுத் துணி பெட்டிக்குள், நண்பர் நனைந்தபடி வெளியே. என் பைகளுக்கு இரண்டு கொக்கி, ஒரு பட்டை, அவ்வளவுதான்; கழற்றித் தோளில் போட்டு மாடிக்குப் போனோம். அவர் என் சட்டையைப் போட்டுக்கொண்டார். மறுநாள் காலை பூட்டுக்காரரைத் தேடிக் கண்டுபிடிக்கவே பாதிப் பொழுது போனது. கரைப் பக்கம் போய்வந்தால் பை, பக்கிள், தாங்கி எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். குப்பத்தில் பெட்டியை அன்றாடம் கழுவிக் கவிழ்க்கிறார்களே, அதே காரியம்.

டேங்க் பை பற்றி ஒரு வார்த்தை. காந்தம் வைத்த பை இரும்பு டேங்கில்தான் ஒட்டும். பிளாஸ்டிக் உறை போட்ட டேங்கில் ஒட்டாது. உப்புக் கரையில் இன்னொரு தொல்லை உண்டு. காந்தத்துக்கும் டேங்குக்கும் நடுவே மணல் புகுந்தால் பெயிண்டை உரசித் தேய்த்துவிடும். பட்டையால் கட்டுகிற வகையே எனக்குப் பிடிக்கும். சாலை வரைபடம், தண்ணீர், பர்ஸ், போன் தவிர அதில் எதுவும் வேண்டாம்.

பட்டைகளைப் பற்றித்தான் புதிதாகப் பயணம் கிளம்புகிறவர்களிடம் அதிகம் சொல்கிறேன். கட்டி மிஞ்சிய வால் காற்றில் அடித்துக்கொண்டே போய் ஒருநாள் செயினுக்குள் நுழையும். மீன்கார அண்ணன் டியூப் பட்டையை அளந்து வெட்டுவார். வால் என்பதே இருக்காது. நீங்களும் பையின் பட்டையை உங்கள் வண்டிக்கு அளந்து, மிஞ்சியதை வெட்டி, முனையை நெருப்பில் காட்டி உருக்கிவிடுங்கள்.

இரண்டு பக்கமும் சம எடை வேண்டும். வீட்டில் தொங்கவிட்டு நிறுக்கிற தராசு இருந்தால் நிறுத்துப் பாருங்கள், இல்லையென்றால் இரண்டு கையிலும் தூக்கிப் பாருங்கள், கை பொய் சொல்லாது. பழவேற்காடு போனால் பையில் கொஞ்சம் இடம் விட்டுப் போங்கள். அங்கே பெண்கள் பின்னுகிற பனையோலைப் பெட்டிகள் இலேசானவை, நசுங்காமல் மேலே கட்டிக் கொண்டுவரலாம்.

கடையில் காலிப் பையை மாட்டிக் காட்டுவார்கள், அது போதாது. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஐந்து கிலோ அரிசியாவது வைத்து மாட்டச் சொல்லுங்கள். சீட்டில் உட்கார்ந்து ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்புங்கள், குதிகால் பையில் இடிக்கிறதா பாருங்கள். பிறகு இறங்கி, கண்ணை மூடிக்கொண்டு, ஒரே கையால் ஒரு பக்கத்துப் பையைக் கழற்றுங்கள். ஸ்பேனரோ சாவியோ இன்னொரு ஆளோ தேவைப்பட்டால், அது எவ்வளவு பெரிய கம்பெனியுடையதாக இருந்தாலும் வாங்காதீர்கள்.